மலைக்கு அடியில் மட்டும் நிற்கலாம்

லாரி சுரங்கப்பாதைக்குள் நுழைந்து, பழுதான வண்டிகள் ஒதுங்கும் இடத்தில் நின்றது. தலைக்கு மேல் முழு மலை. டிரைவர் பக்கத்தில் இருந்த பெண் விஞ்ஞானிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னால் இரும்புப் பெட்டியில் ஜெர்மேனியம் என்ற தனிமத்தின் படிகங்கள். கோடானுகோடி அணுக்களில் ஒன்று என்றாவது சிதைந்தால், அந்த முனகலைக் கேட்கப்போகும் காதுகள் அவை. வானத்திலிருந்து இரவும் பகலும் பொழிகிற கதிர்கள் பட்டால் படிகத்துக்குள்ளேயே இரைச்சல் குடியேறிவிடும். அதனால் விமானம் கூடாது. வெட்டவெளியில் நிறுத்தவும் கூடாது. பூமிக்கடியில் இருக்கும் ஆய்வகத்துக்கு ஒரே ஓட்டம்தான்.

இன்றைக்குத்தான் அவள் மகன் வெளிநாடு கிளம்புகிறான். திரும்புவது சந்தேகம். விமான நிலையத்துக்கும் சுரங்கப்பாதை வாசல் வரை இதே சாலை. "டன்னலுக்குள்ள வாடா, அங்க நின்னா கல்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்று காலையில் போனில் கெஞ்சியிருந்தாள். "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டான்.

"புள்ளையப் பார்க்க நல்ல இடம் பிடிச்சீங்க மேடம்!" புகையில் தும்மினார் டிரைவர். "நான் பொண்ணு பார்த்ததே பஸ் ஸ்டாண்டுல. அதுவே இதுக்குத் தேவலை."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கார்கள் விளக்கை வீசிவிட்டுப் பறந்தன. ஒன்றுகூட வேகம் குறைக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. வருகிறானா, போயே விட்டானா?

சட்டென்று உறைத்தது. கதிர் பட்டால் கெடுவது படிகம், அவளல்ல. இத்தனை வருஷத்தில் அந்த வித்தியாசமே மறந்துபோயிருந்தது!

கதவைத் திறந்து குதித்தாள்.

"எங்க மேடம்?"

"வெளிய. நீங்க பெட்டியை விட்டு அசையாதீங்க."

சுவரோர நடைபாதையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். வாசலில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. ஓரமாக ஒரு டாக்சி. அதில் சாய்ந்தபடி மகன்.

"உள்ள வரச் சொன்னேனேடா!"

"எத்தனை தடவைம்மா வர்றது? அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உன்னைக் கூப்பிட லேபுக்கு வந்தேன். கேட்டுலயே நிறுத்திட்டாங்க. நீ மேல வரவே இல்ல."

அவள் ஓர் எட்டு நெருங்கி அவன் கையைப் பிடித்தாள்.

"இப்ப வந்துட்டேன்ல?"

"வந்துட்டே." அவள் தலையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டான். "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சும்மா. நீ போ, வண்டி நிக்குது."

அவள் போகவில்லை. டாக்சி வளைவில் மறைந்தது. கீழே அடுத்த வளைவில் ஒருமுறை தெரிந்தது. அப்புறம் வெறும் சாலை. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.