அமுக்கிக் கட்டியது

மகனின் விரலை லேப்டாப்பிலிருந்து எடுக்கும்போது ஏதாவது எழுத்து பதிந்துவிடப் போகிறதென்று பெரியவர் பயந்தார். அவன் கண்ணை மூடிவிட்டாயிற்று. கை மட்டும் மடியிலிருந்த லேப்டாப்பின் மேல் கிடந்தது. முட்டையைத் தூக்குவதுபோல் ஒவ்வொரு விரலாகத் தூக்கி, லேப்டாப்பைத் திறந்தபடியே மேசைக்கு மாற்றினார்.

"மூடி வச்சிடுங்க மாமா. அதப் பாக்கவே முடியல," என்றாள் மருமகள்.

"மூடக் கூடாதுன்னான். மூடினா ஆபீஸ் மெஷினோட தொடர்பு அறுந்துடுமாம்."

காலையில்தான் சொன்னான். சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டான். கொண்டு வருவதற்குள் போய்விட்டான்.

ஆபீஸ் மெஷின் மேசைக் கம்ப்யூட்டரைவிடப் பெரிது, ராட்சச மெஷின்களைவிடச் சின்னது. பீரோ மாதிரி ஒரு நடுத்தர ரகம். அதில் இடமே இல்லாமல் போயிற்று. பழைய கணக்கையெல்லாம் அழித்துவிடச் சொன்னார் மேனேஜர். சுருக்கி வைக்கலாம் என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். சுருக்குவதற்கென்றே ஒரு லைப்ரரி இலவசமாகக் கிடைக்கிறதாம், புத்தகமே இல்லாத லைப்ரரி, வெறும் புரோகிராம். ஆனால் வேறு மெஷின்களுக்காக எழுதியது. இந்த மெஷினுக்கு எழுத்து முறையே வேறு. அடைப்புக்குறி போட்டால் கிறுக்கலாகப் படிக்கும். ஒவ்வொரு துண்டாகத் திருத்தி, தொகுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். நோயோடு படுத்திருக்க வேண்டிய நாளெல்லாம் உட்கார்ந்து அதைத்தான் செய்தான்.

பெரியவர் பழைய பேப்பர் கிடங்கில் அமுக்கிப் பொதி கட்டும் மெஷின் ஓட்டியவர். "அமுக்கினது அமுக்கினதுதான்டா. பிரிச்சா பழையபடி வருமா? யாருகிட்ட கத விடுற?" என்பார்.

"ஒரு எழுத்து மாறாம வரும்ப்பா," என்று சிரிப்பான் மகன். அவர் நம்பியதே இல்லை.

மகனோடு வேலை பார்த்த கண்ணாடிக்காரர் வந்தார். உடலருகே நின்று அழுதார். பிறகு அவர் கண் மேசைக்குப் போனது. அதானே பார்த்தேன் என்று பெரியவர் நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எடுத்துட்டுப் போக வந்தீங்களா தம்பி?"

"ஐயோ, இல்லப்பா. இன்னிக்குச் சாயங்காலம் பழசையெல்லாம் அழிக்கச் சொல்லிட்டாரு மேனேஜர். இவன் முடிச்சிருந்தா தடுத்துடலாம்."

"முடிக்கலன்னா? இவன் இத்தன நாளு முதுகொடிய உக்காந்தது?"

"வீணாப் போயிடும்ப்பா," என்றார் கண்ணாடிக்காரர். பெரியவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். "பாருங்க. கை வைக்காதீங்க."

குனிந்து பார்த்தவர் மெல்லச் சொன்னார்: "எல்லாத் துண்டும் தொகுத்துட்டான். கட்டுற கட்டளையும் அடிச்சு வச்சிருக்கான். என்டர் மட்டும் தட்டல."

"எது அது?"

காட்டினார்.

"வெரல் அதுமேலதான் கெடந்துச்சு," என்றார் பெரியவர். "பதிஞ்சிடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து எடுத்தேன்."

கண்ணாடிக்காரர் மேசையை விட்டு விலகி நின்றார்.

"நீங்களே தட்டுங்கப்பா."

தடித்த கட்டைவிரல் பக்கத்து எழுத்தில் படாமல் இறங்கியது. திரையில் ஒரு வரி வந்தது. கட்டு விழுந்துவிட்டதாம். லைப்ரரி மெஷினில் ஏறிவிட்டதாம்.

"சுருக்கிப் பிரிச்சுக் காட்டுங்க."

"எதுக்குப்பா, அதான்..."

"வாய்ச்சொல்லு வேணாம். நான் பாக்கணும்."

நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடிக்காரர் பழைய கணக்கு ஒன்றைச் சுருக்கினார். அது கால்வாசிகூட இல்லாமல் ஒடுங்கியது. திரும்பப் பிரித்து, மூலத்தோடு ஒப்பிட்டார். "வித்தியாசமே இல்ல. ஒரு எழுத்துகூட."

அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டார். அழிக்க வேண்டாமாம்.

"இப்ப மூடலாமா?" என்றார் பெரியவர்.

"மூடலாம்ப்பா."

மூடினார்.

"கொண்டுபோற வண்டி கிளம்பிடுச்சாம் மாமா," என்றாள் மருமகள். "அவருக்கு நல்ல சட்டையா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அலமாரியின் அடித்தட்டில், மற்ற துணிகளின் பாரத்துக்குக் கீழே மகனின் நீலச் சட்டை அமுங்கிக் கிடந்தது. உருவி உதறினார். லேப்டாப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேசைமேல் விரித்தார். மடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே நின்றன. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார்.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"மாமா?"

"இரும்மா," என்று மறுபடி தேய்த்தார்.