இரண்டு அங்குல மடிப்பு

கணவன் இறந்தபின் பாலேஸ்வரி அச்சுவேலியில் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்வந்தாள். எட்டு வயது மகள் தனுஷிகா பின்னேரம் வரை தனியே நிற்பதை யாரோ சிறுவர் பராமரிப்பு அலுவலகத்துக்கு அறிவித்தார்கள். பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போய் ஏழு மாதம்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க அலுவலகத்தில் இரண்டு அணுகுமுறைகள் இருந்தன. எது சிறந்தது என்று மதிப்பிட, பாலேஸ்வரிக்கு இரண்டையும் கொடுத்தார்கள். அவள் கேட்டது பிள்ளையை மட்டும்தான். நடுவில் தாயும் மகளும் சந்தித்தால் முடிவுகள் குழம்பும் என்று சந்திப்பையும் நிறுத்திவைத்தார்கள்.

“நிரந்தரமா ஒரு வேலை எடுங்கோ அக்கா. அதுதான் வலுவூட்டல்” என்றாள் முதலாம் அணுகுமுறைக்குப் பொறுப்பான பிரசாந்தி. பாலேஸ்வரி ஒரு தையல்கடையில் சேர்ந்தாள்.

இரண்டாம் அணுகுமுறைக்காரர் சிவரூபன், தாய் வீட்டில் நிற்கிறாளா என்று சொல்லாமல் வந்து பார்ப்பவர். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கதவில் பூட்டு. “தாய் வீட்டில் தங்குவதில்லை” என்று எழுதினார்.

பாலேஸ்வரி வேலையை விட்டாள். அடுத்தமுறை அவர் வந்தபோது முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். முழுப் புள்ளி. அதே கிழமை பிரசாந்தி, “என்னக்கா, வேலையை விட்டிட்டியளாம்?” என்று மெய்யாகவே கவலைப்பட்டுக்கொண்டு பூச்சியம் போட்டாள்.

மதிப்பீட்டுக் கூட்டம் சாவகச்சேரியில், குளிரூட்டிய மண்டபத்தில். பாலேஸ்வரி மடியில் ஒரு பையோடு பின்வரிசையில் இருந்தாள். இன்றைக்குப் பிள்ளையைத் தருவார்கள் என்று நினைத்து வந்திருந்தாள்.

“ரெண்டு அணுகுமுறையும் தங்கடை இலக்கை அடைஞ்சிருக்கு” என்றார் பணிப்பாளர் பரமலிங்கம். கைதட்டல். பயனாளியும் நாலு வார்த்தை கதைக்கட்டும் என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

“ஐயா, நான் வேலைக்குப் போறதோ, வீட்டிலை நிக்கிறதோ? ஒண்டைச் சொல்லுங்கோ, செய்யிறன்.”

பிரசாந்தி சிவரூபனைப் பார்த்தாள். சிவரூபன் கையிலிருந்த பாதி கடித்த ரோல்ஸைப் பார்த்தார்.

“அருமையான கேள்வி. குறிச்சுக்கொள்ளுங்கோ” என்றார் பரமலிங்கம். “இதைத்தான் அடுத்த கட்டத்திலை ஆராயப்போறம். ஒரு வருசத் திட்டம்.”

“அப்ப பிள்ளை?”

“பிள்ளை அங்கை பாதுகாப்பாத்தானே அம்மா இருக்கிறா.”

தேநீர் இடைவேளையில் பிரசாந்தி வரவுப் படிவத்தோடு வந்தாள். பாலேஸ்வரி கையெழுத்து வைத்துவிட்டுப் பையைத் திறந்தாள். தையல்கடையில் வேலைசெய்தபோது தனுஷிகாவுக்குத் தைத்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. கீழ் மடிப்பைப் புரட்டிக் காட்டினாள்.

“வளருவாளெண்டு ரெண்டு அங்குலம் விட்டனான், தங்கச்சி. இன்னும் ஒரு வருசமெண்டால் காணுமோ, கட்டையாப் போயிடுமோ?”

பிரசாந்தி சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

“நான் போன கிழமை இல்லத்துக்குப் போனனான் அக்கா” என்றாள். “உது இப்பவே காணாது.”