தடாகம் மூடும் நேரம்

மன்னார்த் தீவின் பல்கலைக்கழக வளாகத்தில், உடற்பயிற்சி நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திறந்தவெளி நீச்சல் தடாகம், மாரி முடிந்த கையோடு வற்றவும் பெருகவும் தொடங்கியது. காலையில் தண்ணீர் ஆழம் குறைந்த பக்கத்து ஓடுகளை விட்டு விலகிப் போகும். பின்னேரம் திரும்பி வந்து உடை மாற்றும் அறையின் வாசற்படியை நனைக்கும். வெடிப்பு, கசிவு, குழாய்க் கோளாறு என்று அறிக்கைகள் எழுதப்பட்டன. உண்மையான காரணம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் அவற்றை ஒருவரும் வாசிக்கவில்லை.

காரணம் எட்வேட் சுவாமி. திறப்பு விழாவுக்கு மந்திரிக்க வந்தவரின் செபப் புத்தகத்தில் வீட்டை மந்திரிக்க ஒரு பக்கம் இருந்தது, வாகனத்துக்கு இருந்தது, வயலுக்கும் இருந்தது. நீச்சல் தடாகத்துக்கு இருக்கவில்லை. முன்னால் கிடந்தது நீலத் தண்ணீர், சுற்றி நின்றது கரையோரத்துச் சனம். சுவாமி வருசா வருசம் படகுகளுக்கு முன்னால் வாசிக்கிற கடல் ஆசீர்வாதத்தையே முழுதாக வாசித்து, ஒரு பிடி உப்புப் போட்டு, தீர்த்தம் தெளித்தார். சனமும் பழக்கதோசத்தில் ஆமென் சொல்லிவிட்டது. தண்ணீர் அதை நம்பியது. கடல் வந்து சேர மட்டும் கொஞ்சக் காலம் எடுத்தது. கந்தோர் மேசைகள் வழியாகப் போகிற அலுவல் எதுவும் அப்படித்தான்.

அதுவரைக்கும் அந்தத் தடாகத்தைப் பெற்றிசியாதான் ஆண்டாள். வாசலில் இருந்து அனுமதி அட்டை பார்ப்பாள். மூடுகிற நேரம் வந்ததும் கரையில் நிற்கும் உயரக் கதிரையில் ஏறி விசில் ஊதுவாள். 'விசில் ஊதியதும் தண்ணீரில் உள்ள அனைவரும் வெளியேற வேண்டும்' என்று பலகையில் எழுதியிருந்தது. ஒருநாள் பாதி நீச்சலில் இருந்த உபவேந்தரே அதைக் கேட்டு மறுபேச்சின்றி ஏணியில் ஏறி, உடம்பு துடைக்கத் துவாய் கேட்டுக் கை நீட்டினார். குளோரீன் போடுவது, வடிகட்டி கழுவுவது, பாசி உரஞ்சுவது எல்லாம் அவள் கணவன் மில்ரன். அவனை அந்த வேலைக்குக் கொண்டுவந்தது அவள்தான். மில்ரனின் தம்பி கிறிஸ்ரி சோளகக் காற்று வீசிய ஒரு காலத்தில் கடற்றொழிலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, படகும் வரவில்லை. பூசை வைக்க உடல்கூட இல்லாமல் போன அந்த வருசம், பெற்றிசியா புருசனைக் கோயிலுக்கு இழுத்துப் போய்ப் பீடத்தில் கைவைக்கச் செய்து, இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள்.

"அடி தெரியிற தண்ணியெண்டா இறங்குங்கோ. தெரியாததெண்டா வேண்டாம்" என்றாள்.

தடாகத்தின் அடி அப்போது தெரிந்தது. குனிந்தால் ஓடுகளை எண்ணலாம்.

கடல் வந்ததும் தடாகத்தைப் பூட்டினார்கள், விசில் ஆணியில் தொங்கியது. மில்ரன் குளோரீனை வாளி வாளியாகக் கொட்டினான். வெளுத்த திரளி மீன்கள் கோபத்தோடு மிதந்து வந்தன. வடிகட்டியைக் கழுவினால் நண்டு வந்தது. நீச்சல் தடங்களைப் பிரிக்கிற மிதவைக் கயிறுகளில் ஒன்று தலைமன்னார்ப் பக்கமாக இழுபட்டுப் போனது. ஒரு விடியலில் பார்த்தால் அடித்தளத்தை இழுவை மடி வலை வழித்துப் போயிருந்தது. யாருடைய படகு என்பது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் முறைப்பாடு எழுதித் தரவில்லை. விலங்கியல் மாணவர்கள் வெளிக்களப் பயணம் என்று சொல்லிச் சாப்பாட்டுப் பொதியோடு வந்து, பத்தடி நடந்து, கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நிலையத்துப் பணிப்பாளர் தில்லைநாதன் இதற்குத் 'தற்காலிக உவர்த்தன்மை' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தும் அது போகவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான நீச்சல் போட்டிக்கு முன் தண்ணீர் தெளியாவிட்டால் தடாகத்தை நிரந்தரமாக மூடுவதென்று முடிவானது. மூடினால் மில்ரனுக்குப் போக்கிடம் ஒன்றுதான். படகு முதலாளி அமிர்தநாயகம் சம்மாட்டி இப்போதே மோட்டார்சைக்கிளை வாசலில் நிறுத்தி, படகில் ஆள் குறைவு, மில்ரன் சும்மாதானே நிக்கிறான் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

பெற்றிசியா சுவாமியிடம் ஓடினாள். "சுவாமி, மந்திரிச்சதைத் திருப்பி எடுக்கேலாதே?"

"எடுக்கிறதுக்குப் புத்தகத்தில பக்கமில்லைப் பிள்ளை" என்றார் எட்வேட் சுவாமி. அவருக்கும் மனவருத்தந்தான். "உப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்கலாம்."

கடைசியில் பணிப்பாளர், தண்ணீர் முழுவதையும் இறக்கிவிட்டுக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரைப் பவுசர் லொறியில் கொண்டுவந்து நிரப்புவது என்று தீர்மானித்தார். இறக்குவதென்றால் ஆழப் பக்கத்தின் அடியிலுள்ள மூடியைக் கழற்ற வேண்டும். மேலே நின்று பார்த்தால் மூடி தெரியவில்லை, அடியும் தெரியவில்லை. மில்ரன் மூடி கழற்றுகிற இரும்புச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியடியில் நின்றான். பெற்றிசியா அவன் சேட்டுக் கையைப் பிடித்தாள்.

"இது கடல். நீங்கள் சத்தியம் பண்ணினனீங்கள்."

"இறங்காட்டி நாளைக்கு அமிர்தநாயகத்தின்ர படகு. அதுவும் கடல்தானே" என்றான் மில்ரன். "இதுக்கு நாலு பக்கமும் சுவராவது இருக்கு. விடு, மூடியைக் கழட்டிப்போட்டு வாறன்."

அவன் இறங்கியது மத்தியானத்துக்கு முன்னால். வெயில் சாயும்வரை வரவில்லை. தாழ்வுபாட்டிலிருந்து சங்கு குளிக்கிற ஆட்கள் வந்து கல்லுக் கட்டிக் கயிறு விட்டார்கள். ஒரு கயிறு முடிய இன்னொன்றை முடிந்தார்கள். கல் எங்கும் தட்டவில்லை. ஒருவன் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, சுவரும் இல்லை என்றான். பணிப்பாளர், மில்ரன் வேலை நேரத்தில் இறங்கினானா, சாப்பாட்டு நேரத்தில் இறங்கினானா என்று விசாரித்தார். சனம் செபமாலை தொடங்கியது. அந்த ஒலி பெற்றிசியாவுக்குத் தெரியும். கிறிஸ்ரிக்கும் இதே ஆட்கள் இதே சுருதியில்தான் தொடங்கினார்கள். தொடங்கினால் அதன் பிறகு தேடமாட்டார்கள்.

அவள் முழந்தாளிடவில்லை. அழுகையும் வரவில்லை. பொழுது படுகிற நேரம் அவளுடைய கண், பழக்கத்தில், மணிக்கூட்டைப் பார்த்தது. தடாகம் மூடுகிற நேரம். ஆணியில் கிடந்த விசிலை எடுத்து, துருப்பிடித்த கதிரையில் ஏறி, அவள் ஊதினாள். சனம் செபத்தை நிறுத்தியது. பணிப்பாளர், "பெற்றிசியா, இறங்குங்கோ, தயவுசெய்து" என்றார். அவள் மூச்சு முட்டும்வரை ஊதினாள், மூச்சு எடுத்துத் திரும்ப ஊதினாள். விதி விதிதான், தண்ணீர் என்ன பெயரில் இருந்தாலும் பலகை தடாகத்துப் பலகை.

ஏணி கிறீச்சிட்டது. மில்ரன் ஏறி வந்தான், கையில் சாவி.

"எத்தினை தரம் ஊதுறது? காது கேக்காதே உங்களுக்கு?" என்றாள் பெற்றிசியா.

ஏணி இன்னமும் ஆடிக்கொண்டிருந்தது. மில்ரனுக்குப் பின்னால் கிறிஸ்ரி ஏறினான். போன அன்று போட்டிருந்த அதே காற்சட்டை, உடம்பு கொஞ்சம் வெளுத்திருந்தது. கரையில் நின்று காதிலிருந்த தண்ணீரைத் தட்டிவிட்டான்.

"அட்டை இருக்கோ இவரிட்ட?" என்று பணிப்பாளர் கேட்டார்.

கிறிஸ்ரி கதிரையை அண்ணாந்து பார்த்தான். "இவ்வளவு நாளும் நீங்கள் ஊதேல்லையே, மச்சாள்" என்றான்.

பெற்றிசியாவின் கைக்கு எட்டியது ஒரு துவாய்தான். அதை முதலில் கிறிஸ்ரிக்குக் கொடுத்தாள். மில்ரன் குளிரில் நடுங்கியபடி நின்றான்.

நீச்சல் போட்டியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். தடாகத்தை மூடும் பேச்சை அதன் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. அட்டை இல்லாதவர்கள் வெளியேறும்போது பெயரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும் என்று பலகையில் ஒரு வரி சேர்த்தார்கள். மறுநாள் பின்னேரம் பெற்றிசியா வேலைக்கு வந்தபோது பேசாலை, வங்காலை, தாழ்வுபாடு என்று எல்லாக் கரையிலிருந்தும் பெண்கள் வந்து தடாகத்தைச் சுற்றி நின்றார்கள். முண்டியடிக்கவில்லை. ஒவ்வொருத்தியும் கையில் காய்ந்த துவாயை விரித்துப் பிடித்திருந்தாள். சிலரிடம் இரண்டு, ஒருத்தியிடம் சின்னத் துவாய் ஒன்று. பெற்றிசியா விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கதிரையில் ஏறினாள்.