கன்னத்தில் ஒட்டிய அம்பு

கன்னத்தில் சிவப்பு அம்பு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான், அதன் கூர் உதட்டைக் காட்டுகிறது, என் மகள் மிதுலா சிரிக்கிறாள், சிரிக்கும்போது கன்னம் உப்பி அம்பும் சேர்ந்து மேலே ஏறுகிறது, இது இரண்டு வயதில் அவள் சிரித்த சிரிப்பா, இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு சிரிக்கும் மூன்று வயதுச் சிரிப்பா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, இன்றைக்கு ஒட்டிக்கொண்டவள் அவளேதான், என் பையைக் குடைந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து முழங்காலில் ஒன்று, மூக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று, அன்றைக்கு ஒட்டியவள் நான். டாக்டர் பூங்கோதையின் அறைக்குள் அவளுடைய வளர்ச்சிப் பரிசோதனைத் தாள் இருக்கிறது, கூப்பிடுவார்கள், கூப்பிடும்வரை நினைப்பு எங்கெங்கோ போய்வருகிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை, பதினோரு வருசமாக, டியூப் லைட்டுக்குக் கீழே பீஸை விரித்துப்போட்டுக் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று கண்ணை ஓட்டுவேன், ஊசி ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தட்டுப்பட்டால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவேன், என் கைக்குத் தப்பி ஒரு டேமேஜ் பெட்டிக்குள் போனதில்லை என்று எனக்குக் கர்வம், அந்தக் கர்வம் வயிற்றில் மிதுலா இருந்தபோது உடைந்தது, ரத்தத்தில் பி வகை மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறது என்றார்கள், ஒரு நாள் கண் மஞ்சளானதில்லை, காய்ச்சல் என்று படுத்ததில்லை, நீங்க பிறக்கும்போதே உங்க அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம்மா, இத்தனை வருசம் சத்தமில்லாம இருந்திருக்கும் என்கிறார் டாக்டர் பூங்கோதை, ஊரெல்லாம் அம்பு ஒட்டியவளுக்கு ஒட்ட வேண்டிய அம்பு தன் உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது. கிருமி ரொம்ப அதிகமா இருக்குது, பிறந்த அன்னைக்கே ஊசி போட்டாலும் சில குழந்தைக்குத் தொத்திக்கும், அந்த வயசுல தொத்துனா பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது, ஏழாம் மாசத்துல இருந்து தினம் ஒரு மாத்திரை போட்டா கிருமி நல்லா இறங்கிரும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, எனக்கு மாத்திரை என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது, தலைவலிக்கே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு பொறுத்தவள், பப்பாளிப் பக்கமே போகாதவள், தினம் ஒன்றென்று எப்படி விழுங்குவேன், ஏனுங்க டாக்டரம்மா, அதை முழுங்குனா கொழந்தைக்குக் கை காலு, மூளை, பேச்சு ஒண்ணும் ஆவாதுங்களே, சத்தியமாச் சொல்லுங்க என்றேன்.

சத்தியம் பண்ண மாட்டேன் என்றார், தெரிஞ்சதைச் சொல்றேன் என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார், வெளியே அத்தனை கூட்டம் காத்திருந்தது, பல நாட்டுல நிறையப் பேரு இந்த மாத்திரையை முழுங்கிப் பெத்திருக்காங்க, அந்தக் குழந்தைகளை வருசக்கணக்கா அளந்து பாத்திருக்காங்க, உயரம், எடை, எலும்பு, நடை, பேச்சு, விளையாட்டு, மாத்திரை போடாதவங்க குழந்தைக்கும் இதுகளுக்கும் வித்தியாசம் ஒண்ணும் தெரியலை, இன்னும் பெரிசாகிறவரைக்கும் பாத்துட்டுத்தான் இருக்காங்க, எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு, தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். அந்த நிமிசத்தில்தான் அந்த அம்மாவை எனக்குப் பிடித்துப்போனது, அத்தனையும் நல்ல பீஸுங்க, சத்தியமா என்று சொல்லி வருகிற பனியன் கட்டைத்தான் நாங்கள் முதலில் பிரிப்போம், இதில் நாலு டேமேஜ் இருக்கும், பார்த்துக்குங்க என்று சொல்கிறவனை நம்பலாம், பதினோரு வருசத்தில் படித்த பாடம் அது. அந்தப் பெண்களையும் நினைத்துக்கொண்டேன், எந்த நாடோ, என்ன பாஷையோ, எனக்கு முன்னால் பயந்து பயந்து அதை விழுங்கியவர்கள், பெற்றதோடு விடாமல் வருசா வருசம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அளக்கக் கொடுத்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் டாக்டர் முன்னால் விளையாட்டு மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டியதால்தான் எனக்கு இந்தப் பதில் கிடைக்கிறது, அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும், எந்தத் திசை பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

விழுங்கினேன், தினமும் ராத்திரிச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, பிரசவம்வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை, பிறந்த அன்றைக்கே அவளுக்கு இரண்டு தொடையிலும் ஊசி, அந்த அழுகை இன்னும் காதில் இருக்கிறது, ஒரு வயது தாண்டி ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை, இனி ஒட்டவும் ஒட்டாது என்றார்கள், வீட்டுக்காரர் கம்பெனி முழுக்க மைசூர்பாகு கொடுத்தார், அங்கேயே தான் தைக்கும் ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டுக் கொடுத்ததற்குச் சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினார், என் கண் மட்டும் ஓயவில்லை, கிருமி போனது சரி, மாத்திரை என்ன செய்திருக்கிறதோ, சாயங்காலம் குளிப்பாட்டித் துண்டில் போட்டால் என் விரல் தானாகவே கழுத்து, தோள், கை, இடுப்பு என்று போகும், ஏம் அம்மணி, இது என்ன கொழந்தையா எக்ஸ்போர்ட் பீஸா என்று அவர் கேலி பண்ணுவார், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, எனக்கு மட்டும் என் குஞ்சில் குறை தேடுவதே வேலையாய்ப் போயிற்று. பக்கத்து வீட்டுக் குழந்தை பதினோரு மாதத்தில் நடந்தது, இவள் பதினைந்தில், மாத்திரைதான், இரண்டு வயதாகியும் அம்மா, பூ, தா, மூன்றே சொல், மாத்திரைதான், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தெரிந்தும் விடவில்லை, ஒரு நாள் வேலைவிட்டு வந்து அவளை மடியில் நிறுத்தி, அப்பா சொல்லு சாமி, அப்பா சொல்லு என்று கெஞ்சினேன், அவள் என் தோடைப் பிடித்து இழுத்தாள், புடவை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த சிவப்பு அம்பு விரலில் எப்படி வந்ததோ, அவள் கன்னத்தில் ஒட்டிவிட்டேன், வாயைக் காட்டி. அவள் சிரித்தாள், பொட்டு வைத்தேன் என்று நினைத்திருப்பாள், வாசலில் நின்றிருந்த வீட்டுக்காரர் கேலி பண்ணவில்லை, வந்து, நகம் படாமல் மெதுவாக அதை உரித்தார், நம்ம புள்ள டேமேஜ் இல்லீங் அம்மணி என்றார், அவ்வளவுதான், நான் அடுப்படிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மிதுலா அம்மா வாங்க என்று கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேனா இன்னும் அடுப்படியில் நிற்கிறேனா, டாக்டர் பூங்கோதை தாளைத் திருப்புகிறார், அவர் தலையில் நரை கூடியிருக்கிறது, பாப்பா ஒன்பது கட்டை அடுக்கிட்டா, கோடு போட்டா, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டா, அந்தப் பொம்மைக்கு ஏன் செருப்பில்லைன்னு என்னையே கேட்டா, உயரம், எடை எல்லாம் மத்த குழந்தைங்க மாதிரியேதான்மா. மத்த குழந்தைங்க மாதிரியே, அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அடுத்த வருசமும் கூட்டிட்டு வாங்க, இந்த மாத்திரைக்குப் பயப்படற யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

வெளியே வந்தால் எங்கள் பெஞ்சில் ஏழு மாத வயிற்றோடு ஒரு பெண், கைக்குட்டை முடிச்சில் மாத்திரை அட்டையின் ஓரம் தெரிகிறது, எனக்கு அது தெரியாதா, அதே அட்டை, அதே பிடி, அக்கா, நீங்களும் இதை முழுங்குனீங்களாமா, நர்ஸம்மா சொன்னாங்க, நான் வாங்கி நாலு நாளாச்சுங்கக்கா, வாயில வைக்கப் பயமா இருக்குது, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சத்தியமாச் சொல்லுங்க என்கிறாள், சத்தியமா என்று தொடங்கியே விட்டேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். சத்தியம் பண்ண மாட்டேனுங்க, நான் முழுங்குனேன், இதா நிக்கறா பாருங்க எம் புள்ள, எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், மிச்சம் உள்ளே டாக்டரம்மாகிட்டக் கேளுங்க, நாலு நாள் விட்டதையும் மறைக்காமச் சொல்லுங்க, அவங்க ஒளிக்காமச் சொல்லுவாங்க. அவள் மிதுலாவைப் பார்க்கிறாள், கழுத்து, தோள், கை, கால் என்று அந்தக் கண் போகிறது, போகட்டும், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நானே பிள்ளையை வெளிச்சத்துக்கு நகர்த்தி நிறுத்துகிறேன். மிதுலாவுக்குப் பொறுமை இல்லை, தன் கன்னத்து அம்பை உரித்தாள், இப்போது அவளுக்கு உரிக்கத் தெரிகிறது, எட்டி அந்தப் பெண்ணின் வயிற்றில் ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, அம்மா, இங்க பாரு, பாப்பா இங்க இருக்குது என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அழுதாள், கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், எழுந்து டாக்டர் அறைக்குள் போனாள், அம்பை உரிக்கவில்லை.