எதை முதலில் செய்வது

ஜான்சி மறுபடி வகுப்புக்கு வந்தபோது அவள் கணவன் அருண்ராஜ் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நாற்பதாம் நாள் பூசை முடியட்டுமே என்று அவனுடைய அண்ணன் ஆரோக்கியசாமி சொல்லிப் பார்த்தார். கோர்படியில் இருந்த வீட்டில் அவன் படுத்த கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை.

ஹிந்தி பேசும் பிள்ளைகள் நிறைந்த பதினொன்றாம் வகுப்பு, சார்புகளின் சேர்ப்பு. பதினான்கு வருடமாக நடத்துகிற பாடம். பலகையில் f(x) = 2x + 3, g(x) = x² என்று எழுதி, f(g(2)) என்ன என்று போடத் தொடங்கினாள். உள்ளே இருக்கும் g-ஐத்தான் முதலில் போட வேண்டும். அதில் வரும் நான்கை f-இல் போட்டால் பதினொன்று. அவள் கை f-ஐ முதலில் போட்டது. ஏழு வந்தது. ஏழின் வர்க்கம் நாற்பத்தொன்பது. அடிக்கோடு போட்டுவிட்டுத் திரும்பினாள். ஒரு குறி தவறினாலே கூரை பறக்கக் கத்துகிற பிள்ளைகள், குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மணி அடித்ததும் சுப்ரஜா என்ற மாணவி மட்டும் நின்றாள். வீட்டில் தமிழ்தான் என்றாலும் வெளியே எல்லாம் ஹிந்தி என்பதால் தட்டுத் தடுமாறித்தான் பேசுவாள்.

"மேம், அது... லெவன் வரணும்ல?"

ஜான்சி பலகையைப் பார்த்தாள். "எல்லாருக்கும் தெரிஞ்சுதா?"

"ஹாங் மேம். யாரும் சொல்ல வேணாம்னு... நீங்க இன்னிக்குதானே வந்தீங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள், "ஆர்டர் மாறினா எப்பவும் ஆன்சர் மாறுமா மேம்?"

சில நேரம் மாறாது. அதுதான் சரியான விடை. ஜான்சி பலகையிலிருந்த நாற்பத்தொன்பதை அழித்தாள். அந்த ஞாயிறு மதியம் அருண்ராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது அவள் முதலில் கூப்பிட்டது ஊரின் இன்னொரு பக்கம் கோந்த்வாவிலிருந்த ஆரோக்கியசாமியை. அவர் கார் வரும் வரும் என்று இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். முன்னாலேயே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"நாளைக்குச் சொல்றேம்மா," என்றாள்.

மறுநாள் கணக்கைத் திருத்திப் போட்டாள். x + 1, x + 5 இரண்டையும் எடுத்து, எதை முதலில் செய்தாலும் இரண்டைப் போட்டால் எட்டுதான் வருகிறது என்று காட்டினாள். "சிலதுக்கு மாறாது. ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் பலகை பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சாயங்காலம் ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தாள்.

"அத்தான், அன்னிக்கு நான் ஆம்புலன்ஸத்தான் மொதல்ல கூப்பிட்டிருக்கணும்."

"வண்டியில வர்றப்போ எனக்கும் அது தோணுச்சும்மா. நான் சீக்கிரம் வந்துருவேன்னு நினைச்சு உங்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.