சட்டைக் கல்லறை

அலை பின்வாங்கும்போது முதலில் தெரிவது அப்பாவின் சிலுவைதான், இரு கைகளையும் விரித்துக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நிற்கும், அடுத்த அலையில் மறையும், மறுபடி எழும், நீச்சல் தெரிந்த ஒருவர் வேடிக்கை காட்டுவதுபோல, இதை நேற்று கரையில் நின்று பார்த்தேனா, விடுதி அறையில் கனவு கண்டேனா, இப்போது நீர் வடிந்து சிலுவையின் கால்வரை மணல் தெரிகிறது, மண்வெட்டியின் பிடி கையை உறுத்துகிறது, கனவு இப்படி உறுத்தாது.

கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் ஒரு தெரு இருந்தது, அதற்கும் முன்னால் வலை காயப்போடும் மணல்வெளி, அங்கேதான் பந்து விளையாடினோம், கடலுக்குள் போன பந்தைக் கடல் திருப்பித் தந்துவிடும், அப்போது அதற்கு அந்த மரியாதை இருந்தது, பிறகு மணல்வெளி போயிற்று, தெரு போயிற்று, கருங்கல் கொட்டினார்கள், கல்லும் போயிற்று, கடல்மட்டம் உயர்கிறது என்று கல்லூரிக் கருத்தரங்கில் திரையில் நீலக்கோடு போட்டுக் காட்டினார்கள், கோட்டுக்கு அடியில் எங்கள் ஊர், பிஸ்கட் தின்றபடி பார்த்தேன், இருப்பவர்களை விரட்டி முடித்து இப்போது இறந்தவர்களின் முறை, அவரவர் வீட்டு எலும்புகளைத் தோண்டிச் சாலைக்கு அப்பால் புதுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள், இன்று எடுக்காவிட்டால் அமாவாசைக் கடல் எடுத்துக்கொள்ளும்.

எங்களுக்கு எடுக்க எலும்பு கிடையாது, அப்பா புயலில் போனவர், வள்ளத்தின் பலகை ஒன்று வந்தது, அவர் வரவில்லை, உடல் இல்லாம எப்படிம்மா அடக்கம் பண்ணுறது என்றார் அப்போதிருந்த சாமியார், உடலுக்கு நான் எங்க போவ சாமி, கடல்லயா போய்க் கேக்க, சட்டை இருக்கு, அத வச்சு செபம் சொல்லுங்க என்றாள் அம்மா, கடலில் தொலைந்தவர்களுக்கு எங்கள் கரையில் அப்படியொரு வழக்கம் உண்டு, கட்டம் போட்ட நீலச் சட்டையைப் பெட்டிக்குள் கிடத்தி ஊரே அழுதது, ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தச் சட்டைக்குத்தான் மெழுகுவர்த்தி ஏற்றினோம், என் மார்க்கைச் சட்டையிடம்தான் சொன்னேன், திட்டவில்லை.

சீக்கிரம் வெட்டுலே மக்கா, தண்ணி திரும்புது என்கிறார் ததேயு மாமா, அப்பாவோடு ஒரே வள்ளத்தில் போய்த் தனியாக நீந்தி வந்தவர், பிறகு அம்மாவிடம், ஒன் மாப்பிள உசுரோட இருந்தப்பவே கரையில ரெண்டு நாளு சேந்தாப்புல நின்னவனில்ல, ரோட்டுக்கு அந்தாண்ட கொண்டுபோனா இருப்பானா, நீயே சொல்லு வியாகுலம், அம்மா சிரிக்கவில்லை, ஆளத்தான் குடுத்தாச்சுல்லா, சட்டையையும் குடுத்துட்டு நான் எதுக்கு முன்னால முட்டி போட.

வெட்ட வெட்டக் குழியில் நீர் ஊறுகிறது, மக்கிய பலகை தட்டுப்படுகிறது, குனிந்து துழாவுகிறேன், மணல், சிப்பி, துருவேறிய ஆணி, வேறொன்றும் இல்லை, நாங்கள் மேலே மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோதெல்லாம் கீழே கடல் வந்து ஒவ்வொரு நூலாக உருவிக்கொண்டு போயிருக்கிறது, சட்ட இருக்காலே என்கிறாள் அம்மா, மறுபடி கையை விட்டுத் துழாவுகிறேன், தேடுறேம்மா என்கிறேன்.

அவள் குழியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், புதுப்பெட்டியின் மூடியைத் திறக்கிறாள், ஒஞ்சட்டையக் கழத்து மக்கா, எம்மா என்கிறேன், கழத்துலே, அவரு தோளு ஒனக்கு இருக்குல்லா, ததேயு மாமா வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார், தலைவழியே உருவும்போது துணிக்குள் ஒரு கணம் இருட்டு, அந்த இருட்டில் யாரோ மூச்சு விடுகிறார்கள், நான்தான், அம்மா அதைப் பிழிந்து உதறி மடித்துப் பெட்டிக்குள் வைக்கிறாள், முத்தமிட்டு மூடுகிறாள், ஏறி வாலே என்று மாமா கத்துகிறார், கால் மணலில் புதைந்திருக்கிறது, அலை வந்து மார்பில் அறைகிறது, விழாமலிருக்க இரு கைகளையும் விரிக்கிறேன், தண்ணீர் தலைக்கு மேல் போய், இறங்கி, மறுபடி வெளிச்சம், பெட்டியை இடுப்பில் அணைத்தபடி அம்மா கரை விளிம்பில் நிற்கிறாள், இஞ்சேரும், வந்திரும் என்று கூப்பிடுகிறாள், அப்பாவை மட்டுமே அவள் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன், திருத்தவில்லை, வாரேன் என்கிறேன்.