மூன்று ஷீட், ஒரே கறை

பெட் கவர் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் என் வீட்டுக்காரர் இஸ்திரி மேசையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "இருக்கற இருநூறு போதாதா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் நடத்துவது சலவைக்கூடம். ஒரு ஹோட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பெட் என்றாலே அவருக்கு மெத்தைதான் ஞாபகம் வரும்.

"அதில்லீங்க, வண்டிக்கு. நம்ம பிக்கப்ல பின்னாடி தொட்டி இருக்குல்ல, அதுக்குப் பேரு பெட்டாம். அத மூடறதுதான் பெட் கவர்."

"ஏன், வண்டி தூங்கப் போகுதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இந்த மனிதரோடு பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. தொட்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு போனோம். ஹோட்டல் முற்றத்தில் இறக்கிப் பார்த்தால் இருபது ஷீட்டில் பழுப்புக் கறை. மேனேஜர் அம்மா "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணி போட்ட முடிச்சு அவுந்திருக்கும் மேடம்."

என் முடிச்சாம். கல்யாணமான நாள் முதல் மூட்டை கட்டுகிற கை இது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆனால் மேனேஜர் அம்மா முன்னால் என்ன சண்டை போடுவது? "திங்கட்கிழமை ஒரு தடவ பாக்கறேன்" என்றார் அவர். "ஒரு ஷீட்ல கறை இருந்தாலும் வேற ஆளப் பாத்துக்கறேன்." அந்த ஒரு ஹோட்டலை நம்பித்தான் எங்கள் மூவர் வயிறும் இருக்கிறது.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. ஷீட் மடிப்பது அவள் வேலை. ஒரு நூல் விலகினாலும் பிரித்துத் திரும்ப மடிப்பாள். பேச்சும் அப்படித்தான், விறைப்பு. நான் அவளுக்கு வைத்த பெயர் கஞ்சி. அவளுக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை காலையில் நானும் அவளும் கடைக்குப் போனோம். வண்டிக்கு வேண்டிய சாமான்கள் மட்டும் விற்கிற பெரிய கடை. உள்ளே நுழைந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவர் முழுக்க கவர்கள். பாய் மாதிரி சுருட்டுகிற ரெக்ஸின் ஒன்று. மூன்றாக மடிகிற அலுமினியம் ஒன்று. கடைசியில் ஒரே பலகையாகப் பளபளவென்று ஒரு மூடி, கார் டிக்கி போலத் தூக்கித் திறக்கிறது. எங்கள் வண்டியின் அதே நீலம். அதைப் பார்த்ததும் மனசைப் பறிகொடுத்துவிட்டேன்.

"அண்ணே, இதையே மாட்டிடுங்க" என்றேன் கடைக்காரரிடம்.

"இருங்க அண்ணி" என்றாள் கஞ்சி. பையிலிருந்து தேய்த்த வெள்ளை ஷீட் மூன்றை எடுத்தாள். எங்கள் வீட்டு ஷீட்கள்தான். ஒன்றைத் தொட்டி முழுக்க விரித்தாள். "மூணையும் மாட்டிப் பாக்கணும். வண்டி கழுவற குழாய் இருக்கா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "தண்ணி அடிச்சா பாக்கப் போறீங்க?"

"மழை பெய்யறப்ப நீங்க கூட வருவீங்களா?"

அவர் குழாயை எடுத்துவந்தார். முதலில் ரெக்ஸினை மாட்டி, மேலேயும் பக்கத்திலேயும் பின்னாலேயும் அடித்தார். திறந்தோம். ஷீட்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவு பழுப்பு. ஷீட்டை மாற்றி அலுமினியத்தை மாட்டினோம். அதிலும் பழுப்பு. மூன்றாவதாக நீல மூடி. திறந்தால் அதிலும் அதே பழுப்பு.

"என்னண்ணே விக்கறீங்க, சல்லடையா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கஞ்சி மட்டும் என் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று ஷீட்டையும் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக, மூலைக்கு மூலை சேர்த்து வைத்தாள். மேல் ஷீட்டின் முனையைத் தூக்கினாள். அடுத்ததைத் தூக்கினாள். மூன்றிலும் கறை ஒரே இடத்தில் இருந்தது.

"கவர்ல கோளாறு இல்ல" என்றாள் மெதுவாக. பிறகு வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். பின்கதவுக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி. தண்ணீர் அதன் வழியாகத்தான் அழுக்கையும் இழுத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது.

எனக்குப் பொறி தட்டியது. செவ்வாய்க்கிழமை கறைபட்ட இருபது ஷீட்டும் பின்கதவோரம் அடுக்கியவை. சக்கரம் வாரி அடித்த சேற்றுத் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக ஏறியிருக்கிறது. என் முடிச்சு அவிழவே இல்லை. கஞ்சி முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் புரிந்துவிட்டது, காது சிவந்திருந்தது. சொல்லடி, ஒரு வார்த்தை சொல்லு என்று காத்திருந்தேன். அவள் கடைக்காரரிடம் கதவுக்கு ஒட்டுகிற ரப்பர் பட்டை இருக்கிறதா என்று கேட்டாள். அழுத்தக்காரி.

ரப்பரை ஒட்டி, ஒரு ஷீட்டின் கறை படாத முனையைப் பின்கதவுப் பக்கமாக விரித்து மறுபடி தண்ணீர் அடித்தோம். அந்த முனையில் பொட்டுக்கூட இல்லை. இனி மூன்றில் எது வேண்டுமானாலும் வாங்கலாம். அவள் மலிவான ரெக்ஸினைத்தான் கை காட்டுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சுருட்டறதும் மடிக்கறதும் மழையில திறந்தா எல்லாம் நனையும்" என்றாள். "இத தூக்கினா மேல கூரை மாதிரி நிக்கும். கீழ நின்னு எறக்கலாம். நீலமே எடுத்துக்கலாம் அண்ணி."

கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முடிச்சு விஷயம் ஞாபகம் வந்ததால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. நான் வண்டி ஓட்டினேன், கஞ்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒவ்வொரு பள்ளத்திலும் என் உயிர் போய்ப் போய் வந்தது. ஹோட்டல் முற்றத்தில் மேனேஜர் அம்மா குடையோடு நின்றார். நீல மூடியைத் தூக்கினேன். இருநூறு ஷீட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவர் நேராகப் பின்கதவோரம் வந்து, அடியில் இருந்த ஷீட்டை உருவிப் பிரித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கு" என்றார். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

அவர் திரும்பி நடக்கும்போது கஞ்சி கூப்பிட்டாள். "மேடம், போன வாரம் நனைஞ்சது அண்ணி முடிச்சால இல்ல. பின்கதவுல இடைவெளி இருந்திருக்கு. அவங்க முடிச்சு அவுழவே இல்ல."

மேனேஜர் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்ப அத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல மேடம். இங்க நின்னு சொன்னது நான்தான். இங்கயே மாத்திச் சொல்லணும்ல."

எனக்கு ஒரு வாரமாக வாய்க்குள் திரட்டி வைத்திருந்த அத்தனை திட்டும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மூடிக்குக் கீழே அவள் பக்கத்தில் போய் நின்று ஷீட்டுகளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். மூன்றாவது அடுக்கை நீட்டும்போது அவள் தோள் மழையில் நனைவதைப் பார்த்தேன். "நனையாம உள்ள தள்ளி நில்லுடி" என்றேன்.